தூரம் என்ற சொல்



சென்ற ஆண்டின் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், தேங்காய்த்திட்டைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் கோவில் வாசற்படியருகே நமக்காகக் காத்து நின்றார். எழுபத்து நான்கு வயதினர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, “சாமி, யாழ்ப்பாணம் இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?” என்று வினவினார்.

அவருடைய தங்கை 1974-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டுச் சென்றவர். அந்நாளில் இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அதிலேறிச் சென்ற தங்கை, அதே கப்பலில் இருமுறை தாய்வீடு வந்து திரும்பினார். 1980-களில் போர் மூண்டது, கப்பலும் நின்றது. அதன்பின் சில ஆண்டுகள் கடிதங்கள், நெடுங்காலம் ஒன்றுமில்லை, பிற்காலத்தில் தொலைபேசி. இப்போது தங்கை நோயுற்றுப் படுக்கையில் கிடக்கிறார் என்று செய்தி வந்திருக்கிறது. “ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டு வரணும், சாமி. மகன் தூரம்ங்கறான்” என்றார் அம்மூதாட்டி.

நாம் என்ன மறுமொழி கூறினோம் என்பதை மறைப்பதற்கில்லை. “கடல் கடந்த தேசமல்லவா அம்மா? தூரந்தான். உடம்பு தாங்க வேண்டுமே. பிறகு பார்க்கலாம்” என்றோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். நாமும் அடுத்த அலுவலைப் பார்க்கச் சென்றோம். யாழ்ப்பாணம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டவருக்கு நாம் ஓர் எண்ணைக்கூடச் சொல்லவில்லை. ‘தூரம்’ என்ற சொல்லைத்தான் சொல்லி அனுப்பினோம்.

மே மாதத்தில் ஒரு மாலை தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்றிருந்தோம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்பது யாவரும் அறிந்ததே. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. விசைப்படகு ஓட்டும் இளைஞர் ஒருவர் தமது படகில் இருந்த ஜி.பி.எஸ். கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூதாட்டியின் கேள்வி அப்போதுதான் நமக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. “தம்பி, யாழ்ப்பாணம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். “அந்தப் பக்கம் எல்லை தாண்டக்கூடாது ஃபாதர். ஆனா கணக்குப் போட்டுப் பார்க்கலாம்” என்று கூறி, ஒரு தாளில் சில எண்களை எழுதினார். அன்று அவரிடம் நாம் கற்ற பாடத்தை வாசகர்களும் அறிந்துகொள்வது நலம். பள்ளிப் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

உலக உருண்டையைக் கிழக்கு மேற்காகச் சுற்றிவரும் கோடுகள் அட்சரேகைகள். துருவம் முதல் துருவம் வரை செல்பவை தீர்க்கரேகைகள். இவற்றைப் பாகையால் அளப்பர். ஒரு பாகையில் அறுபது கலைகள் உண்டு. தெற்கு வடக்காக ஒரு கலை அளவு சென்றால் அதுவே ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கப்பலோட்டிகளும் விமானமோட்டிகளும் இன்றளவும் இந்தக் கடல் மைலைக் கொண்டே தூரத்தைக் கணக்கிடுகின்றனர்.

நமது புதுவையின் விமான நிலையம் இலாசுப்பேட்டையில் உள்ளது. அது வட அட்சம் 11 பாகை 58 கலையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் விமான நிலையமாகிய பலாலி 9 பாகை 47 கலையில் இருக்கிறது. கழித்துப் பாருங்கள்: 2 பாகை 11 கலை. அதாவது 131 கலைகள். எனவே 131 கடல் மைல்கள். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்திருப்பதால்தான் கணக்கு இவ்வளவு எளிதாகிறது. பலாலி கிழக்கே கால் பாகை தள்ளியிருப்பதையும் சேர்த்துக்கொண்டால் 132 கடல் மைல் ஆகும். கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 244.

இருநூற்று நாற்பத்து நான்கு கிலோமீட்டர்! இந்த எண்ணைக் கண்டு நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம். புதுவையிலிருந்து மதுரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். பெங்களூர் ஏறத்தாழ 270. கோயம்புத்தூர் 300-க்கும் மேல். மதுரையில் ஒரு திருமணம் என்றால் இரவு பேருந்தேறிக் காலையில் தாலி கட்டும் நேரத்திற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். பெங்களூரில் பிள்ளை வேலை பார்க்கிறான் என்றால், ‘இதோ இருக்கிறது’ என்கிறோம். இவை யாவற்றையும்விட அண்மையில் இருப்பது யாழ்ப்பாணம். அதைத்தான் நாம் கோவில் வாசலில் நின்று ‘தூரம்’ என்று சொல்லியிருக்கிறோம்.

அடுத்த கேள்வி இயல்பாகவே எழுகிறது. இலாசுப்பேட்டையிலிருந்து பலாலிக்கு ஒரு விமானம் நேராகப் பறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்?

இத்தகைய சிறு நிலையங்களுக்கு வந்து போவது ஏ.டி.ஆர். வகை விமானம். இரண்டு விசிறிகள் சுழல, எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்லும். புதுவையின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமே உடையதாகையால் பெரிய விமானங்கள் இங்கு இறங்கும் வழக்கமில்லை. இந்த ஏ.டி.ஆர். விமானம் உயரத்தை எட்டியபின் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அப்படியானால் 244 கிலோமீட்டரை அரைமணி நேரத்தில் கடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது சரியன்று.

விமானம் ஓடுபாதையின் முனைக்குச் செல்ல வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். மெல்ல மேலேற வேண்டும். இறங்குமுன் வேகத்தைக் குறைத்து, வளைந்து, ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். இத்தகைய குறுகிய பயணத்தில் பாதிக்கும் மேற்பட்ட வழி ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிந்துவிடும். முழு வேகத்தில் செல்வது சிறிது நேரமே. எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வீசினால் இத்தூரத்திற்கு மூன்று நிமிடமே கூடுதலாகும். ஆயினும் மற்றவை யாவற்றையும் கூட்டினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும்.

இதற்குச் சான்று நம் ஊரிலேயே உண்டு. 2024 டிசம்பர் 20-ஆம் நாள் புதுவையிலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விமான சேவை மீண்டும் தொடங்கியபோது, பெங்களூர்ப் பயணத்திற்கு அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி ஒதுக்கியிருந்தனர். ஐதராபாத்துக்கு ஒன்றேமுக்கால் மணி. பெங்களூர் விமான நிலையம் நேர்க்கோட்டில் 266 கிலோமீட்டர். ஐதராபாத்து விமான நிலையம் 600. தூரம் இருமடங்குக்கும் மேல்; நேரமோ அரைமணி அளவே அதிகம். ஆகவே விமானப் பயணத்தில் தூரத்திற்கென ஆகும் நேரம் ஒன்று, புறப்படுவதற்கும் சேர்வதற்குமென ஆகும் நேரம் மற்றொன்று. குறுகிய பயணங்களில் பின்னதே பெரிது.

எனினும் இலாசுப்பேட்டையிலிருந்து பலாலிக்கு விமானம் கிடையாது. வேறு நாட்டுக்குச் செல்ல வேண்டுமாயின் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் உள்ள நிலையம் வேண்டும். அதற்கு மேலாக, நாள்தோறும் இருக்கைகளை நிரப்பும் அளவுக்குப் பயணிகளும் வேண்டும். உள்நாட்டுச் சேவையே நமது ஊரில் நிலைத்து நின்றதில்லை. 2013 ஜனவரியில் புதிய முனையத்தோடு தொடங்கியது, நின்றது. 2017 ஆகஸ்டில் சிறு நகரங்களை இணைக்கும் மத்திய அரசின் திட்டத்தின்கீழ் ஐதராபாத்துக்குத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றது. 2022-இல் மீண்டும் தொடங்கியது, மீண்டும் நின்றது. அதன் பின்னரே 2024-இன் சேவை.

பலாலியின் வரலாறு இதைவிடத் துயரமானது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அமைத்த விமானத் தளம் அது. 1947 டிசம்பர் 10-ஆம் நாள் ‘ஏர் சிலோன்’ நிறுவனத்தின் முதற் பயணம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்தது. அந்தக் காங்கேசன்துறை நிலையம் இந்தப் பலாலியே. சுதந்திர இந்தியா பிறந்து நான்கு மாதம்கூட நிறைவுறாத காலத்திலேயே யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் வானில் வழி இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். போர் வந்தது, பலாலி படைத்தளமாயிற்று, வழி மூடிற்று. போர் 2009-இல் முடிந்தும், பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 அக்டோபர் 17 அன்றுதான். அடுத்த நவம்பர் 11-இல் சென்னையிலிருந்து சேவை தொடங்கிற்று. சில மாதங்களில் பெருந்தொற்று, மறுபடியும் மூடல். 2022 டிசம்பர் 12-இல் மீண்டும் திறப்பு. ஆக, இரு நிலையங்களுக்கும் நடுவிலுள்ள கிலோமீட்டர் ஒருநாளும் கூடவுமில்லை, குறையவுமில்லை. வாசல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதே தூரத்தைத் தீர்மானித்தது.

இந்தக் கணக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு நாம் மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். மகனும் இருந்தார். மூவருமாக அமர்ந்து, தேங்காய்த்திட்டு வீட்டு வாசல் முதல் யாழ்ப்பாணத்து வீட்டு வாசல் வரை மணிக் கணக்கைத் தாளில் எழுதினோம்.

வாடகைக் காரில் சென்னை விமான நிலையம் செல்ல மூன்று மணி. வெளிநாட்டுப் பயணமாதலால் அங்கே மூன்று மணி முன்னதாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து பலாலி 355 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணிக்குச் சற்று மேல். பலாலியில் சோதனைகளுக்கு ஒரு மணி. அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்கு முக்கால் மணி. மொத்தம் ஒன்பது மணி. இதில் வானில் இருப்பது ஏழில் ஒரு பங்கே.

கடல் வழியையும் எழுதிப் பார்த்தோம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-இல் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டு 16-இல் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல் மைல். நான்கு மணிப் பயணம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு. மேலும் மூதாட்டியின் முழங்கால்கள் கப்பலின் ஆட்டத்தைத் தாங்குமோ என்று மகன் ஐயுற்றார். ஆகவே விமானம் என்று முடிவாயிற்று.

“ஒன்பது மணி நேரந்தானா?” என்று மகன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேளாங்கண்ணிக்கு நடந்து போறப்ப அம்மாவே மூணு நாலு நாள் நடந்தவங்க” என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் குறை கூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆனால் நாம் எழுதாத கணக்கு ஒன்று மிஞ்சியிருந்தது. மூதாட்டிக்குக் கடவுச்சீட்டு இல்லை. அவர் பிறந்தது 1951-இல். அப்போது புதுவையில் பிரெஞ்சு ஆட்சி. பிறப்புப் பதிவு பிரெஞ்சு மொழியில் இருந்தது. அதில் அவர் பெயர் ஒருவிதமாகவும், ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பித்து, விண்ணப்பித்து, காவல் நிலைய விசாரணை முடிந்து, கடவுச்சீட்டு கைக்கு வருவதற்குள் ஜூலை பிறந்துவிட்டது. ஒன்பது மணிப் பயணத்திற்கு ஆயத்தம் செய்ய ஒன்பது வாரங்கள்.

அந்த ஒன்பது வாரங்களுக்கு இடையில், ஜூன் மாதத்தில், தங்கைக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிற்று.

ஆகஸ்டு தொடக்கத்தில் தாயும் மகனும் புறப்பட்டனர். சென்னையிலிருந்து பலாலி செல்லும் நேர்க்கோடு நமது புதுவைக் கரைக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கிழக்கே, கடலின் மேல் செல்கிறது. வடக்கே சென்னைக்குப் போய், பறந்து, மறுபடியும் நம் ஊருக்கு எதிரிலேயே தெற்கு நோக்கிச் செல்ல வேண்டும்! விமானத்தின் வலப்புறச் சன்னலோரம் அமர்ந்திருந்த தாயிடம், தொலைவில் தெரிந்த கரையைச் சுட்டி, “அந்தாண்டதான் நம்ம ஊரு இருக்கணும்மா” என்று மகன் சொன்னாராம். “இங்கேயே ஏத்தியிருந்தா இவ்வளவு சுத்த வேண்டாமே” என்று தாய் சொன்னாராம்.

அவர்கள் பத்து நாள் தங்கினர். தங்கை அக்காளை அறிந்துகொண்டார். கையைப் பற்றிக்கொண்டு விடவில்லை. ஆனால் ஒரு சொல்லும் பேச இயலவில்லை. மூதாட்டி தினமும் தங்கைக்குத் தலைவாரி, கஞ்சி ஊட்டி, ஊர்க்கதையெல்லாம் தாமே பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த மூன்றாம் வாரம் தங்கை இறந்த செய்தி கிடைத்தது. நம்மிடம் வந்து இறந்தவருக்காகத் திருப்பலிக்குச் சொல்லிவிட்டு, “முகத்தைப் பார்த்துட்டேன் சாமி. குரலைத்தான் கேட்கல்லே” என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். தவக்காலத்து ஞாயிறன்று அவர் நம்மைக் கேட்டபோது தங்கைக்குப் பேச்சு இருந்தது. அன்றே தாளும் எழுதுகோலும் எடுத்திருந்தால் ஏழு வாரங்களேனும் மிஞ்சியிருக்கும்.

நமது புதுவைக்கு வந்த பிரெஞ்சு வானநூலார் ஒருவரைப் பற்றி இங்கே குறிப்பிடுவது பொருந்தும். சூரியனை வெள்ளிக் கோள் குறுக்கே கடக்கும் அரிய காட்சியை அளந்து பார்க்க, லெ ழான்தீல் என்பவர் 1760-இல் பிரான்சிலிருந்து புதுவைக்குக் கப்பலேறினார். அவர் வந்து சேருமுன் புதுவை ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. துறை மூடியிருக்கக் கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் அளக்க முடியவில்லை. அடுத்த காட்சிக்காக எட்டு ஆண்டுகள் இப்பக்கமே தங்கினார். 1769 ஜூன் 4 அன்று காலை, புதுவையில் தொலைநோக்கியுடன் ஆயத்தமாக இருந்தார், மேகம் மூடிக்கொண்டது. பாதி உலகைக் கடந்த தூரம் அவரைத் தோற்கடிக்கவில்லை. ஒருமுறை மூடிய துறையும், ஒருமுறை சில நாழிகை மேகமுமே தோற்கடித்தன. அவர் தம் பங்கில் எந்தத் தாமதமும் செய்யவில்லை. நாமோ துறை திறந்திருக்கும்போது, மேகமும் இல்லாதபோது, தாமதிக்கிறோம்.

ஆகவே வாசகர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மிக எளியது. கடல் கடந்து உறவினர் இருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. இலங்கையில் இருக்கலாம், பிரான்சில் இருக்கலாம். ஒருவரையொருவர் காண விரும்பும் முதியோர் வீட்டிலிருந்தால், நோய்ச் செய்தி வரும்வரை காத்திராமல் இன்றே அவர்களுக்குக் கடவுச்சீட்டு எடுத்து வையுங்கள். பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டைகளிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். விமானமும் கப்பலும் ஓடும் நாட்களை நம்பத்தக்கவரிடம் கேட்டு எழுதுங்கள். தொடங்கிய சேவை என்றும் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரை மணியைக் கூட்டிப் பாருங்கள். கூட்டிப் பார்த்தபின்பும் அதிகமாயிருந்தால், அப்போது ‘தூரம்’ என்று சொல்லுங்கள். அது நேர்மையான சொல்லாக இருக்கும்.

விசைப்படகு இளைஞர் எண்கள் எழுதிக் கொடுத்த தாள் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இனி யாரேனும் கோவில் வாசலில் நின்று தூரம் கேட்டால், மறுமொழி சொல்லுமுன் அவரை உள்ளே அழைத்து அமரச் செய்து, முதலில் அந்தத் தாளைத்தான் எடுப்போம்.